ஒன்பது மொழிகளில் ‘எனக்கு’

எங்கள் அணியின் சட்டைகளுக்கு நான் பொறுப்பு.
பதினெட்டுச் சட்டை, பதினெட்டு அரைக்கால்.
ஒற்றையாகிப்போன காலுறைகள் கணக்கில் வராது.
பயிற்சியாளராக வந்திறங்கிய அன்று
அடெனில்சன் முதலில் கேட்டது என்னிடம்தான்:
இந்தப் பாத்தோஸ் வெயிலில் துணி எவ்வளவு நேரத்தில் காயும்?
நாற்பது நிமிடம் என்றேன்.
த்ரோம்சோவில் மூன்று நாள் என்றார்.

அங்கே பந்துக்கு ஆரஞ்சு நிறம்,
பனிக்குள் தொலையாமலிருக்க.
காலுறைக்கு மேல் ரொட்டிப் பையைச் சுற்றி
அதற்கு மேல் பூட்ஸ் மாட்டி
ஒரு பருவத்தில் பதினோரு கோல்.
பொத்தோசியில் மேகத்துக்குப் பக்கத்தில் மைதானம்;
முதல் ஓட்டத்தில் வாந்தி, இரண்டாவதில் கோல்.
இஸ்மிரில் ஐந்து மாதச் சம்பள பாக்கிக்கு
கிளப் தலைவர் அனுப்பிவைத்தது ஒரு ஃபிரிட்ஜ்.
‘அதை என்ன செய்தீர்கள்?’
‘மாடிவீட்டு அம்மாவிடம் விட்டு வந்தேன். இன்னும் ஓடுகிறதாம்.’

தோஹாவில் கோல் அடித்துக் கைவிரித்து ஓடினால்
எதிரே வெறும் நாற்காலிகள்.
நீகாதாவில் தோற்றாலும்
ரசிகர்முன் குனிந்து வணங்க வேண்டும்.
அப்படிக் குனிந்த ஒரு மாலையில்தான்
முழங்கால் முதன்முதலாகப் பேசியது.

லுசிமாரா எந்த வீட்டுக்கும் திரைச்சீலை வாங்கவில்லை.
ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டினாள்,
அந்தந்த ஊர் மொழியில்.
கடைசியில் சொரோக்காபாவில்
திரைச்சீலையோடு ஒரு வீடு பார்த்துக்கொண்டாள்.
இவர் அங்கே விருந்தாளி.

எந்த நாட்டுக்குப் போனாலும்
விமானத்திலேயே ஒரு சொல் கற்றுக்கொள்வாராம்.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை.
எனக்கு.
பானா. கொச்சி. தில் மெய்.
‘எனக்கு, இங்கே, என் காலுக்கு.’
ஒன்பது மொழியில் சொல்லிக் காட்டினார்,
சோப்பு நுரைக்குள் கைவிட்டபடி நான் கேட்டேன்.
ஸ்ட்ரைக்கருக்கு அதற்கு மேல் இலக்கணம் எதற்கு?

பயிற்சியாளர் ஆன பின் நான்கு வருடத்தில் ஆறு ஊர்.
மூன்று தோல்வி, ஒரு குரல்செய்தி, ஒரு பஸ் டிக்கெட்.
பெட்டியை இப்போதெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளுவதில்லை,
கதவோரமே நிற்கிறது
குடைபோல.

போன ஞாயிறு.
எண்பத்தாறாவது நிமிடம், ஒன்றுக்குப் பூஜ்யம் பின்தங்கியிருக்கிறோம்.
வாண்டர்கிலெய் காலில் பந்து.
இடப்பக்கம் ஜோசிவால் ஆளில்லாமல் நிற்கிறான்,
கல்யாண வீட்டில் அறிமுகமற்றவன் போல.
‘அவனுக்கு! அவனுக்குக் கொடு!’
அடெனில்சனின் குரல் எதிர்க் கூரையில் பட்டுத் திரும்பியது.
வாண்டர்கிலெய் கேட்கவில்லை.
கேட்டிருப்பான்.
அடித்தான். பந்து போய் மோதியது
சவப்பெட்டிக் கடை விளம்பரப் பலகையில்.

பெஞ்சு முழுக்க இவர் முகத்தையே பார்த்தது.
‘நானும் அடித்திருப்பேன்’ என்றார்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

அடுத்த நிமிடம்தான் அது.
யாரோ காலை நீட்ட, பந்து எகிறி
கோட்டைத் தாண்டாமல் கோட்டின் மேலேயே
துள்ளித் துள்ளி வந்தது அவர் இருக்கும் இடத்துக்கு.
ஐம்பத்தொரு வயது. தோல் ஷூ. இஸ்திரி போட்ட பேன்ட்.
தொடையில் வாங்கி இறக்கி
இடதுகாலால் ஒன்று.
முப்பது மீட்டர் வளைந்து போய்
மூலையில் நுழைந்தது.
எதிரணிக் கோலி பழக்கதோஷத்தில் பாய்ந்தார்,
எட்டவில்லை.

நானூற்றுச் சொச்சம் பேர் எழுந்து நின்று கத்தினோம்.
நடுவர் சிவப்பு அட்டையை எடுத்தபோது
அவருக்கும் சிரிப்பு வந்ததாகத்தான் என் ஞாபகம்.
ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

சலவை அறையில் ஈரச் சட்டைகளுக்கிடையே உட்கார்ந்திருந்தார்.
பெஞ்சில் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புக்கு வந்துவிட்டது.
தலைவர்தான். குரல்செய்தி.
அவர் தொடவில்லை.
இடது ஷூவின் அடி வாய்பிளந்திருந்தது.
பசை இருக்கிறதா என்றார்.
இருந்தது.
ஒட்டிக் கொடுத்துச் சொன்னேன்,
ஒரு நாள் முழுக்க இதைப் போட்டு எங்கும் நடக்கக்கூடாது.